‘ஒரு தடவையாவது’

தொல்காப்பிய மரபியல் பெண் நாய்க்குத் தரும் சொல் ‘பாட்டி’. பன்றிக்கும் நரிக்கும் அதே சொல்தான். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வோர் ஆண்டும் சிரிப்பு எழும். சிரிப்பு அடங்கியதும் கேட்பேன்: இன்று அதே விலங்கைச் சுட்டும் சொல்லை இந்த அறையில் உரக்கச் சொல்ல முடியுமா? யாரும் சொல்ல மாட்டார்கள். ‘பெட்டை நாய்’ வசவாகிவிட்டது. பெண்ணைத் திட்ட நாய் வேண்டியிருக்கிறது. அந்த நாயின் உடல் எப்படி இயங்குகிறது என்பதுதான் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

பெண் நாய் பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். பெரிய இனங்களில் தாமதமாகலாம். பிறகு ஏறக்குறைய ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை. முதல் ஒன்பது நாள் அளவுக்குக் குருதி கசியும். வீடுகளில் இதைத்தான் ‘நாய்க்குத் தீட்டு’ என்று சொல்லி வாசலில் கட்டிவிடுகிறார்கள். நம் மாதவிடாய், கரு தங்காதபோது கருப்பையின் உட்சுவர் உரிந்து வருவது. நாயின் குருதியோ முட்டை வெளிப்படுவதற்கு முன்னால், ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது வருவது. முடிவில் வரும் குருதியும் தொடக்கத்தில் வரும் குருதியும் வேறு வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் விலக்கி வைக்க நம் வீடுகளுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த முதல் நாட்களில் ஆண் நாய்கள் வாசல்வரை வந்து நிற்கும். அவள் நெருங்க விடமாட்டாள். உட்கார்ந்துகொள்வாள், உறுமுவாள், திரும்பிக் கடிப்பாள். அதற்கடுத்த ஒன்பது நாள் அளவுக்குத்தான், அதுவும் தானாக வாலை ஒதுக்கி நின்றால்தான், இணை சேர்வாள். சினையானால் சுமார் 63 நாள். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தையர் இருக்கலாம். சினையாகாவிட்டாலும் அடுத்த இரண்டு மாதம் உடல் சினையைப் போலவே நடந்துகொள்ளும்; சில நாய்களுக்குப் பால் சுரக்கும், ஒரு பொம்மையைக் குட்டியாக எண்ணிக் காவல் காக்கும். நமக்கு நிற்பதுபோல அவளுக்குப் பருவம் நிற்பதும் இல்லை. இடைவெளி கூடினாலும் முதுமைவரை தொடரும்.

ஆக, இந்த உடலுக்கு மறுக்கத் தெரியும். குட்டி விற்பவருக்கு அந்த மறுப்பு ஓர் இடையூறு. வாயைக் கட்டி, ஒருவர் பிடித்துக்கொள்ள, ‘கிராஸ்’ முடிக்கும் இடங்கள் உண்டு. 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள், பெண் நாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது, எட்டு வயதைக் கடந்த நாயை ஈன வைக்கக் கூடாது என்று வரம்பு கட்டின. வரம்பு தேவைதான். ஆனால் உட்கார்ந்து மறுக்கும் நாயைத் தூக்கி நிறுத்தும் கையை இந்த எண்கள் தடுக்காது.

எங்கள் வீட்டுச் செம்பிக்கு இரண்டு வயது ஆனபோது அத்தை சொன்னார்: “ஒரு தடவையாவது குட்டி போடட்டும்மா. அப்பத்தான் அதுக்கும் ஒரு முழுமை.” பக்கத்து வீட்டுக்காரரும் அதையே சொன்னார், கூடவே தன் நாயையும், அதற்குக் கூலியாக முதல் குட்டி தனக்கு என்பதையும் சொன்னார். பிள்ளை வேண்டாம் என்று முடிவெடுத்த என் தோழியிடம் இருபது வருடமாகச் சொல்லப்படும் வாக்கியம் இது. ‘குட்டி’ இருக்கும் இடத்தில் ‘பிள்ளை’ என்று வைத்தால் போதும். இருவரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஒரு முறையாவது ஈன்றால்தான் நாய்க்கு நலம் என்பதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. மாறாக, கருப்பை நீக்கப்படாத நாய்க்குப் பருவம் முடிந்த வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். ஈன்றுவிட்டதால் அந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை.

அறுவை சிகிச்சைக்கு முடிவெடுத்ததை வகுப்பில் பேச்சுவாக்கில் சொன்னேன். முதுகலை மாணவி ஒருத்தி எழுந்தாள். “மேம், ‘என் உடல், என் முடிவு’ன்னு எங்களுக்குச் சொல்றீங்க. அவ கர்ப்பப்பையை எடுக்க நீங்க யாரு?”

இதை எளிதாகத் தள்ள முடியாது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்துக்குள் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ‘அவர்கள் நன்மைக்காக’ என்பதுதான் அங்கேயும் சொல்லப்பட்டது. தெருநாய்களுக்குச் செய்வதையும் நம் பேச்சில் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்கிறோம். ஏழைப் பெண்ணையும் தெருநாயையும் ஒரே சொல்லில் அடக்கும்போது, எண்ணிக்கையாக மட்டும் பார்க்கும் பார்வையும் கூடவே வருகிறது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பெண்களுக்கு எல்லாவற்றையும் விளக்கி, காத்திருந்து, பதில் கேட்டிருக்க முடியும். கேட்காததே வன்முறை. செம்பியிடம் வரப்போகும் ஆண்டுகளைப் பற்றிக் கேட்க வழியில்லை. இன்றைய விருப்பத்தை அவள் சொல்வாள், நாளையதைச் சொல்ல மாட்டாள். நான் முடிவெடுக்காமல் ஒதுங்கவும் இயலாது. ஆண்டுக்கு இரண்டு முறை மூன்று வாரம் அறைக்குள் பூட்டி வைப்பதும் என் முடிவு; கதவைத் திறந்துவிட்டு, பிறக்கும் ஆறு குட்டிகளை யாரோ சாக்கில் கட்டிக் குப்பைமேட்டில் விட இடம் கொடுப்பதும் என் முடிவு. அப்படி விடப்படுகிறவற்றில் பெண் குட்டிகளே அதிகம் என்பது தெருவில் நடக்கும் எவருக்கும் தெரியும்.

எனவே நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். வலி யாருக்கு? ஆதாயம் யாருக்கு? அவளால் சொல்ல முடிந்ததை நான் கேட்டேனா? இணை சேர்க்கும் யோசனையில் வலி அவளுக்கு, குட்டியின் விலை மற்றவருக்கு. அறுவையில் வலியும் அவளுக்கு, ஆயுளின் ஆதாயமும் பெரும்பங்கு அவளுக்கு. ஆனால் ஒரு பங்கு எனக்கு. ஆறு குட்டிகளை வளர்க்க என்னிடம் இடமில்லை, நேரமில்லை. சில நாய்களுக்குப் பின்னாளில் சிறுநீர் கசியலாம் என்று மருத்துவர் சொன்னதையும் கணக்கில் வைத்தேன். குருதிப்பெருக்கு கூடும் என்பதால் பருவ நாட்களைத் தவிர்த்து, மூன்று மாதம் கழித்து நாள் குறித்தோம்.

“இது அவளுக்காக மட்டும் இல்லை. இதில் என் அதிகாரம் இருக்கிறது. அதை அன்பு என்று மட்டும் சொல்லி மறைக்க மாட்டேன்” என்று அந்த மாணவியிடம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “அதிகாரம்னு பேர் வெச்சுட்டா சரியாயிடுமா மேம்?” என்றாள். சரியாகாது. பேர் வைத்தால் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தக் கணக்கை அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.