வடிந்த தண்ணீர்

அம்மா தந்த கறிவேப்பிலைக் கன்று ஆறே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது. வாடுகிறது என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றியவன் நான்தான். கிளறிப் பார்த்தால் வேரில் அழுகல் வாடை.

"அடியில கல்லு போட்டியாடா? அப்பத்தான் தண்ணி வடியும்" என்றார் அம்மா.

போட்டிருந்தேன். சிக்கலே அதுதான். பொடி மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த மண் முழுக்க ஊறித் ததும்பும்வரை தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. கல் போட்டால் தேங்கும் ஈரம் குறைவதில்லை, வேருக்குப் பக்கத்தில் ஏறிவிடுகிறது. பொறியியல் படித்தவனுக்கு இது முன்பே உறைத்திருக்க வேண்டும். கல்லை அள்ளிப் போட்டுவிட்டு, மண்ணோடு சுட்ட நெல் உமியும் தேங்காய் நாரும் கலந்தேன். துளைகளைப் பெரிதாக்கினேன். செடி பிழைத்தது. படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

வடிந்த தண்ணீர் எங்கே போனது என்று யோசிக்கவில்லை.

தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு. ஆக, தண்ணீர் பால்கனி விளிம்பு வழியே கீழே. கீழ்வீட்டு மக்சிக்கின் கொடியில் வெள்ளைத் தெலெகுங் காயும். அதில் பழுப்புத் திட்டுகளைக் கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒருநாள் பார்த்தேன். அடுத்த வாரம் கொடியே இல்லை. உள்ளே கட்டிக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வேலையில் புகார் வந்தால்தான் கோப்பு திறக்கும். அந்தப் பழக்கத்தில், 'சொல்லியிருக்கலாமே' என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் சொல்வதற்கும் ஒரு விலை இருக்கிறது. தொழுகை உடை அழுக்கானதென்று ஒரு மலாய்க்காரப் பெண்மணி மேல்வீட்டு இந்தியப் பையனிடம் முறையிட்டால், இந்த நாட்டில் அது தண்ணீர்ப் பிரச்சினையாக மட்டும் நிற்குமா? அவர் அதையெல்லாம் நினைத்தாரா, சும்மா பொறுத்துக்கொண்டாரா, தெரியாது. எப்படியானாலும் என் செடி செழித்த செலவை அவர் கட்டியிருக்கிறார். அவர் வாய் திறக்காததால் அந்தக் கடன் இல்லையென்று ஆகுமா? கேட்காத கடனைத் தீர்ப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது, தொகை தெரியாது.

கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். "தாக் அப்பா, தாக் அப்பா" என்று சிரித்தார். இப்போது தட்டு வைத்து அது நிறையப் பருமணல் போட்டு, செங்கல் துண்டுகள் மேல் தொட்டியை ஏற்றியிருக்கிறேன். ஒரு சொட்டும் கீழே விழுவதில்லை.

கொடி இன்னும் உள்ளேதான் இருக்கிறது.