தீர்ப்பின் பிழையைச் சுமப்பது யார்?

2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில், 60 கிலோ எடைப்பிரிவு குத்துச்சண்டை அரையிறுதியில் மணிப்பூரின் சரிதா தேவி தென்கொரியாவின் பார்க் ஜினாவிடம் தோற்றதாகத் தீர்ப்பு வந்தது. பார்த்த பலருக்கும் அது பொறுக்கவில்லை. இந்தியத் தரப்பின் முறையீடு தள்ளுபடியானது. பரிசளிப்பு மேடையில் சரிதா அழுதபடி தம் வெண்கலப் பதக்கத்தைப் பார்க்கின் கழுத்தில் போட்டார். சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. அநீதி என்று நம்பும் தீர்ப்பை வாய்மூடி ஏற்பதுதான் அறமா?

ஏற்க வேண்டும் என்போர் பக்கமும் நியாயம் உண்டு. குத்துச்சண்டையில் கோல் கணக்கு இல்லை, எல்லைக்கோடு இல்லை. எந்தக் குத்து சுத்தமாக விழுந்தது, சுற்று யார் கையில் இருந்தது என்பதை மனிதக் கண்கள்தான் சொல்ல வேண்டும். மேடையின் வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்த நடுவர்கள் நேர்மையாகவே வேறுபடலாம். தோற்றவர் எல்லாரும் பதக்கத்தைக் கழற்றினால் எந்தப் போட்டியும் முடிவுக்கு வராது.

சரிதாவின் எதிர்ப்பில் ஒரு குறையும் இருந்தது. புள்ளி போட்டவர் பார்க் ஜினா அல்ல. ஆனால் கூட்டத்தின் முன் கூசி நின்றவர் அவர்தான். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், தென்கொரியாவின் பார்க் சிஹுனைவிட இரு மடங்குக்கும் மேலான குத்துகளை இறக்கினார். தங்கமோ 3–2 என்று பார்க்குக்குப் போனது. அந்த வெற்றியின் அவமானத்தைப் பல்லாண்டு சுமந்த பார்க், 2023இல் ஜோன்ஸின் வீடு தேடிச் சென்று பதக்கத்தை அவரிடமே ஒப்படைத்தார். நடுவர்கள் பட்ட கடனை ஒரு வீரர் அடைத்தார்.

தொழில்முறைக் குத்துச்சண்டையிலும் இதே கதைதான். 2012 ஜூனில் லாஸ் வேகாஸில் மேனி பாக்கியாவைத் திமத்தி பிராட்லி வென்றதாக மூன்று நடுவர்களில் இருவர் எழுதினர். உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐந்து நடுவர்களைக் கொண்டு காணொளியை மறுபடி மதிப்பிட்டது. ஐவரும் பாக்கியாவே வென்றார் என்றனர். ஆனாலும் முடிவு மாறவில்லை. வசையும் மிரட்டலும் பிராட்லிக்கு வந்தன.

மாற்றவே முடியாது என்பதும் உண்மையல்ல. இரண்டே மாதத்தில் லண்டன் ஒலிம்பிக்கில், எரால் ஸ்பென்ஸை 13–11 என வென்ற நம் விகாஸ் கிருஷனின் வெற்றி, தண்டிக்கப்படாத தவறுகளைக் கணக்கிட்டபின் 15–13 எனத் தோல்வியானது. இந்தியர்களுக்கு அது கசந்தது. ஆனால் சரிதாவுக்காக மறுபரிசீலனை கேட்பவர் விகாஸுக்கு எதிராக வந்த மறுபரிசீலனையையும் ஏற்கத்தான் வேண்டும். நமக்கு வேண்டியபோது மட்டும் நீட்டும் தராசு நடுவுநிலைமை ஆகாது.

திருத்தத்துக்கும் ஓர் அறம் உண்டு. சமணர்களின் புகாரைக் கேட்டுத் திருநாவுக்கரசரைத் தண்டித்த பல்லவ மன்னன், பின்னர் மனம் மாறி, பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான் என்கிறது பெரியபுராணம். மன்னன் தன் பிழையை உணர்ந்தது பெரிது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தது இன்னொருவர் வழிபாட்டிடம். பிழையைச் சரிசெய்யும் கை இன்னொருவர் மீது விழக்கூடாது.

ஆகவே சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் நடுவர் நாற்காலி. நடுவர்களைப் போட்டி நடத்துபவரின் செல்வாக்குக்கு அப்பாற்பட்ட அமைப்பு நியமிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றின் புள்ளியும் பெயருடன் வெளியாக வேண்டும். முறையீடு வந்தால் குறித்த கெடுவுக்குள் வேறு நடுவர்கள் காணொளியைப் பார்த்து, பிழை தெளிவானால் முடிவை மாற்ற அதிகாரம் பெற வேண்டும். திரும்பத் திரும்பத் தவறுபவர் அந்த நாற்காலியை இழக்க வேண்டும்.

இவை இல்லாத இடத்தில் தோற்றவரிடம் பெருந்தன்மை கேட்கும் உரிமை எந்தச் சங்கத்துக்கும் இல்லை. முதலில் கணக்குச் சொல்ல வேண்டியவர் தீர்ப்பு எழுதியவர்; அடங்கிப்போகும் கடமை வீரருக்கு அதன் பிறகுதான் வரும்.