முளையும் பழியும்

திருவனந்தபுரத்துக் கோட்டையை அடுத்து ஸ்ரீவராகம் என்னும் பகுதி உள்ளது. அதன் அண்மையிலுள்ள பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்டுதோறும் ஐப்பசியிலும் பங்குனியிலும் திருவிழா நடைபெறுகின்றது. விழாவுக்கு முன் மித்திரானந்தபுரம் குளத்திலிருந்து மண்ணும் நீரும் கொணர்ந்து நவதானியங்களை முளைக்கவைப்பர். இதற்கு மண்ணுநீர் கோரல் என்று பெயர். தமிழகத்துச் சிற்றூர்களிலோ பெண்கள் அம்மன் விழாவுக்கு முளைப்பாரி வளர்க்கின்றனர். சில குலத்தார் திருமணத்தில் பாலிகை தெளிக்கின்றனர். வழக்கங்கள் பலவாயினும் செயல் ஒன்றே: பாண்டத்தில் மண்ணிட்டு, விதை தூவி, நீர் தெளித்து, முளையை எதிர்நோக்குதல்.

அன்பர்களே! இச்செயலில் குற்றம் யாதொன்றும் இல்லை. விதைப்புக் காலத்திற்கு முன் விதையின் வன்மையை அறிய இதனினும் எளிய சோதனை வேறு உண்டோ? பழுதான விதை எது, நல்ல விதை எது என்பதைப் பானை நமக்குக் காட்டிவிடும். ஆனால், முளை கிளம்பாதபோது எழும் பேச்சையே நாம் ஆராய்தல் வேண்டும். 'இவள் கை ராசியற்றது', 'இவ்வீட்டில் தீட்டு இருக்கிறது', 'இக்குடும்பத்திற்குக் கேடு வரும்' என்று ஒரு பெண்ணின் மீது பழி சுமத்துகின்றனரே, அது அறமாகுமா? கணவனை இழந்தவளைப் பானையின் அருகே வரலாகாது என விலக்குகின்றனரே, அதற்கு நியாயம் யாது?

விதை முளைப்பதற்கு நீரும் காற்றும் அளவான வெப்பமும் வேண்டும். நீரை உறிஞ்சி விதை உப்புகின்றது. உள்ளிருக்கும் மாவு கரைந்து முளைக்கு உணவாகின்றது. நீர் மிகுந்து தேங்கினால் மண்ணிலுள்ள காற்று வெளியேறி விதை அழுகிவிடும். பயற்றை வண்டு துளைத்திருந்தாலும், விதை மிகப் பழையதாயினும் முளை வாராது. முளைப்பாரியை இருட்டறையில் வைப்பதால் தண்டு நீண்டு வெளிர்மஞ்சளாகின்றது. வெளிச்சம் பட்டால் பச்சை நிறம் பெறும். இவற்றுள் எதிலேனும் ஒருத்தியின் தாலி காரணமாக நிற்கின்றதா? ஒரே விதையை ஒரே மண்ணில் இரு பானைகளில் இட்டு, ஒன்றைச் சுமங்கலியும் மற்றொன்றைக் கைம்பெண்ணும் ஒரே அளவாக நீர் வார்த்து வளர்க்கட்டும். ஐயம் தீர ஒரு வாரம் போதும்.

நூற்பாலையில் நாம் உழைத்த நாளில் நூல் அடிக்கடி அறுந்தால் மேலாளர் முதலில் நோக்குவது தொழிலாளியின் முகத்தையே. பஞ்சின் தரம், காற்றின் ஈரம், கதிரின் தேய்மானம் ஆகியவற்றைப் பின்னரே நோக்குவர். சில வேளை நோக்குவதேயில்லை. காரணத்தைத் தேடுவது கடினம். ஆளைத் தேடுவது எளிது. எளியதைக் கைக்கொண்டோர் எங்கும் எளியவரையே பலியிட்டனர்.

'எல்லாம் முன்வினை' என்று சிலர் கூறுவர். அது நம் நெறியன்று. பாலி உரையாசிரியர்கள் நியமங்களை ஐந்தாக வகுத்தனர்: பருவம், வித்து, கருமம், சித்தம், தம்மம். வித்தின் நியமத்தைக் கருமத்தின் நியமத்தினின்றும் வேறாக வைத்ததன் நுட்பத்தை ஓர்ந்து பாருங்கள். முளையாத பயற்றிற்கு ஒருத்தியின் வினையைக் காரணம் காட்டுவோர், பிறப்பைக் காட்டி மக்களைத் தாழ்த்தியோரின் வழியிலேயே நடக்கின்றனர்.

கண்ணகியின் திருமணத்தில் மகளிர் முளைப்பாண்டங்களை ஏந்தி நின்றதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. மங்கலத்தில் ஒரு குறையும் வைக்கப்படவில்லை. எனினும் கோவலன் பிரிந்தான். பிரிவின் காரணம் பாண்டத்திலில்லை. அவன் மனத்திலேயே இருந்தது.

அப்படியாயின் வளர்ப்பவருக்குப் பொறுப்பே இல்லையா எனின், உண்டு. நீரை மிகுதியாக ஊற்றியது கவனக்குறைவு. அதனை நாளையே திருத்திக்கொள்ளலாம். 'தீட்டு' என்றாலோ திருத்துவதற்கு வழியே இல்லை. தலைகுனிவு ஒன்றே எஞ்சும். செயலின் பிழையைச் சுட்டுவது நட்பு. பிழையை ஆளின் இயல்பாக்குவது கொடுமை.

ஆகவே, அன்பர்களே, இனி உங்கள் தெருவில் ஒரு பானையில் முளை வாராவிடின், மண்ணைக் கிளறிப் பாருங்கள். விதையைப் பிளந்து பாருங்கள். நீரின் அளவை விசாரியுங்கள். அப்பானைக்கு அருகில் நிற்கும் பெண்ணை நோக்கி, 'அம்மா, வேறு விதை தருகிறோம், மீண்டும் இடுங்கள்' என்று சொல்லுங்கள்.