மாற்றாக வந்தது

ஒரு பொருள் பழுதானால் அதன் இடத்தில் இன்னொன்றை வைக்கிறோம். வைத்த பிறகு, ‘முன்னது போல இல்லையே’ என்று குறைப்படுகிறோம். இந்தக் குறை நியாயமானதுதானா? மாற்றாக வந்ததை எந்தத் தராசில் நிறுக்க வேண்டும்? பெரிய கேள்விகளைச் சின்னப் பொருள்களில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். இதற்கு நான் எடுத்துக்கொள்வது வயதான செடான் காரின் ஸ்பீக்கரை.

காரோடு சேர்ந்து வரும் ஸ்பீக்கரில், கூம்பைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஃபோம் விளிம்பு பெரும்பாலும் இருக்கும். வெயிலும் கதவுக்குள் இறங்கும் மழை ஈரமும் பதினைந்து, இருபது ஆண்டுகளில் அதை உதிரச் செய்துவிடும். மிருதங்கம் ஒலிக்க வேண்டிய இடத்தில் காய்ந்த ஓலை படபடக்கும். இன்ஜினில் குறையில்லை, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் போதும் என்று காருக்குடையவர் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளுக்குப் போகிறார்.

அங்கே முதலில் கண்ணில் படுவது, அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்ட வாட் கணக்கு. 300 என்றிருந்தால் 100ஐவிட மூன்று மடங்கு உசத்தி என்று மனம் துள்ளுகிறது. அந்த எண் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு பாடும் என்பதைச் சொல்லவில்லை. காரின் பழைய ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்கு இடைவிடாமல் கொடுக்கக்கூடியது பெரும்பாலும் பதினைந்து, இருபது வாட்தான். அதை வைத்துக்கொண்டு எது உரக்கப் பாடும் என்பதைச் சொல்வது, சென்சிடிவிட்டி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் டெசிபல் கணக்கு. 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 30 வாட் வேண்டிய இடத்தில், 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 15 வாட் போதும். பலசாலி வேறு, கொடுத்ததை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்தவன் வேறு.

ஓம் கணக்கும் பார்க்க வேண்டும். 2 ஓமுக்கென்று செய்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், அதற்குப் போய்ச் சேரும் சக்தி ஏறக்குறையப் பாதியாகிவிடும். 4 ஓமுக்கென்று செய்ததில் 2 ஓமை இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் சூடேறிக் கெடலாம். அகலம் பொருந்தியும் ஆழம் பொருந்தாவிட்டால், கீழே இறங்கும் ஜன்னல் கண்ணாடி காந்தத்தில் இடிக்கும்.

வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மகன், எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ். அவருடைய நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1983ஆம் ஆண்டு மாடல் காடிலாக் செவில் முதலிய கார்களுக்கு ஒலியமைப்புச் செய்தபோது, ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் அந்தந்தக் காரின் உட்புறத்துக்கு ஏற்றபடி ஒன்றாகவே அமைத்தார்கள். அப்படிப்பட்ட காரில் ஸ்பீக்கரை மட்டும் எடுத்துவிட்டு எவ்வளவு விலை உயர்ந்ததை வைத்தாலும் பாட்டுச் சுவைக்காமல் போகலாம். அது புதியதன் குற்றமா?

எல்லாப் பொருத்தமும் பார்த்து வாங்கியதும் சில வேளை சோகையாய் ஒலிக்கும். காரணம் கதவில் இருக்கும். ஸ்பீக்கர் முன்னால் மட்டுமல்ல, பின்னாலும் ஒலி எழுப்புகிறது. கதவுத் தகட்டின் ஓட்டைகள் அடைபடாவிட்டால், பின்னொலி முன்னே வந்து கனத்த நாதத்தைத் தின்றுவிடும். ஒரு கதவில் பிளஸ், மைனஸ் கம்பிகள் மாறியிருந்தால், இடது ஸ்பீக்கர் முன்னே வரும்போது வலது பின்னே போகும். இரண்டும் நல்லவை, ஆனால் ஒன்றன் ஒலியை மற்றது அழிக்கிறது. விஷயம் தெரிந்த மெக்கானிக் ஓட்டைகளை அடைத்து, கம்பிகளைச் சரிபார்த்து, தேவையானால் இடையில் ஒரு மர வளையமும் வைத்து முடித்த பிறகுதான் ஸ்பீக்கரைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்.

நாமோ மனிதர்களின் விஷயத்தில் அந்த மெக்கானிக்கின் பொறுமையைக்கூடக் காட்டுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், மனைவியை இழந்தவர் குழந்தைகளுக்காக இரண்டாந்தாரம் செய்துகொண்டார். வந்தவள் நல்லவள். ‘இருந்தாலும் அவளைப்போல ஆகுமா?’ என்று வீடு முழுவதும் பேசியது. இறந்தவளின் புடவைகள் அலமாரியில் அப்படியே இருந்தன. வந்தவள் இரண்டு வருஷம் தன் துணிகளை டிரங்குப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டாள். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுக்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ‘இவள் இன்னும் ஒட்டவில்லை’ என்று சொல்ல மட்டும் எல்லாருக்கும் தோன்றியது.

போனவளுக்கும் உரிமை உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. புதியவளுக்காகப் பழைய நினைவுகளை எரித்துவிடச் சொல்லவில்லை. அந்த மெக்கானிக்கும் கதவின் இரும்பை வெட்டுவதில்லை, வளையம்தான் வைக்கிறார். பழையதற்கும் சேதமில்லை, புதியதற்கும் இடம் கிடைக்கிறது.

ஸ்பீக்கரையாவது அளவு பார்த்து வாங்க முடியும். மனிதர் யாரும் இன்னொருவரின் அளவில் பிறப்பதில்லை. ஆகவே வளையம் செய்கிற வேலை, வந்தவருடையதன்று, அழைத்து வந்தவருடையது. அதைச் செய்து முடிக்காத வரையில், வந்தவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை என்றே நினைக்கிறேன்.