கல்லெழுத்தும் கணிப்பொறி எழுத்தும்

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடிச் சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில், திருவுருவங்களின் கீழ் வட்டெழுத்து வரிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியைக் குறிக்கிறது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அவ்வன்னையின் பக்தி அவ்வரியில் விளங்குகிறது.

அம்மலைக்குச் சில கல் தொலைவில், வடபழஞ்சியில் மென்பொருள் பூங்கா அமைந்துள்ளது. நம் இல்லத்துப் பிள்ளைகள் பலரும் இன்று இத்தொழிலை மேற்கொண்டுள்ளனர். இயந்திரத்திற்கு எழுதும் கட்டளையில் எழுதுவோரின் உள்ளம் பதியுமோ?

பதியும். 1969இல் நிலவில் இறங்கிய அப்போலோ 11 கலத்தின் நிரலில் ஒரு பகுதியைத் தற்காலிகமானது எனக் குறித்தவர், ‘நம்புகிறேன்’ என மும்முறை எழுதித் தம் கவலையைப் புலப்படுத்தினார். லினக்ஸ் மென்பொருளைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், உடன் பணிபுரிவோரிடம் பேசிய கடுஞ்சொற்களுக்காக 2018இல் வருத்தம் தெரிவித்து, சிலகாலம் ஒதுங்கியிருந்தார்.

குரோதம், மானம், மாயை, லோபம் என்பன நான்கு கஷாயங்கள். குரோதத்தால் எழுதிய குறிப்பை இயந்திரம் பொருட்படுத்தாது. அடுத்துப் படிக்கும் மனிதரே புண்படுவார். பிறர்க்கு விளங்காவண்ணம் எழுதிப் பெருமை கொள்வது மானம். மாயையோ அமைதியாக எழுதப்படும். இயந்திரம் அதனைப் பிழையின்றி நிறைவேற்றும். சோதனை வேளையில் மட்டும் நச்சுப்புகையைக் குறைத்துக் காட்டிய வோக்ஸ்வேகன் நிறுவனத்தின் நிரல் 2015இல் வெளிப்பட்டது. அது ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் இருந்தது. அதில் ஒரு சுடுசொல்லும் வேண்டியிருக்கவில்லை.

“மேலாளர் பணித்தார், யான் எழுதினேன்” என்பது தக்க விடையாகுமா? தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம் இதற்கு வழிகாட்டுகிறது. எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என மூன்று, மனம், வாக்கு, காயம் என மூன்று, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று, கஷாயங்கள் நான்கு. இவற்றைப் பெருக்க வருவன 108. பணித்தவர் செய்வித்தார், எழுதியவர் செய்தார், அறிந்தும் வாளாவிருந்தவர் உடன்பட்டார். மூவரும் வினைக்கு உரியர். 2017இல் அந்நிறுவனப் பொறியாளர் ஒருவருக்கு அமெரிக்க நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

சினத்தில் எழுதிய சொல்லை மறுநாள் அழித்துவிடலாம். வஞ்சனையோ, எழுதியவர் உறங்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆதலின், பிரதிக்கிரமண வேளையில் அன்றைய பேச்சையும் செயலையும் ஆராயும் நாம், அன்று எழுதிய நிரலையும் அவற்றோடு சேர்த்து ஆராய்வோமாக. ‘இதைக் கண்டுபிடிப்பார்களா?’ என்று கேட்பதை விடுத்து, ‘இதை எந்த உள்ளத்தோடு எழுதினோம்?’ என்று நம்மையே வினவுவோம்.