மஜ்ஜைக்குச் சாதி உண்டோ?

பெரிய நிக்கோபார் தீவில், கேம்பல் பேயில் வாழும் நம் உபாசகர் ஒருவர் ஓர் ஐயம் விடுத்துள்ளார். அவர்தம் மகளைப் பஞ்சாபிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைக்கு மணம் பேசியிருக்கிறார்கள். அதுகேட்ட அண்டை வீட்டார் ஒருவர், "இரத்தப் புற்றுநோய்க்கு ஏற்றும் குருத்தணு தன்னினத்தாரிடமே பொருந்துமாம். கலந்து பிறக்கும் பிள்ளைக்கு யார் கொடுப்பார்? சாதி பொய்யென்றீரே, மஜ்ஜையே சாட்சி சொல்கிறதே!" என்றாராம். புல்லுக்கும் மரத்துக்கும், புழுவுக்கும் பறவைக்கும் பிறப்பால் வேறுபாடு உண்டு, மனிதருக்குள் அஃதில்லை என்று வாசெட்ட சுத்தத்தில் பகவான் தெளிவுறுத்தினாரன்றோ? அத்திருவாக்கை விஞ்ஞானம் பொய்யாக்குமோ என்பதே அன்பரின் கேள்வி.

ஆராயாது நம்பச் சொன்னவர் அல்லர் நம் பகவான். ஆகவே ஆராய்வோம்.

எலும்பு மஜ்ஜையிலிருந்து இரத்த அணுக்களை ஈன்றுகொண்டிருப்பவை குருத்தணுக்கள். வைத்தியர் ஸ்டெம் செல் என்பர். மஜ்ஜை கெட்டவருக்குப் பிறர் தந்த குருத்தணுக்களை ஏற்றும்போது, உடல் அவற்றை அயலாரென்று விரட்டாமலும், அவை அவ்வுடலைத் தாக்காமலும் இருத்தல் வேண்டும். அதற்கு எச்.எல்.ஏ. என்னும் அணு அடையாளங்கள் இருவருக்கும் ஒத்திருக்க வேண்டும். 1958இல் இவற்றுள் முதலாவதைக் கண்டறிந்த பிரெஞ்சு வைத்தியர் ழான் தோசே 1980இல் நோபெல் பரிசு பெற்றார்.

இவ்வடையாளங்களிற் பாதி தந்தை தருவது, பாதி தாய் தருவது. ஆதலால் உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்துதல் நான்கில் ஒன்றே. மஜ்ஜையில் சாதி உறைகிறதென்போர் இதற்கு விடை பகரட்டும்: ஒரே வயிற்றிற் பிறந்த அண்ணன் பொருந்தாதொழிந்தால், அவன் தம்பிக்கு வேற்றுச் சாதியானோ?

எனினும் உண்மையை மறைத்தல் பௌத்தனுக்கு அழகன்று. உடன்பிறந்தார் பொருந்தாவிடின் அயலாரிடம் தேடுங்கால், மூதாதையர் வழி நெருங்கியோரிடம் பொருத்தம் கிட்டுதல் எளிதே. அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐரோப்பிய வழி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 75. தென், மத்திய அமெரிக்க வழிக் கறுப்பருக்கோ 16. இதற்குக் காரணம் இரண்டு. ஆப்பிரிக்க வழியினரின் அடையாளங்கள் பல்வகைப்பட்டவை. அவருள் பெயர் பதிந்தோரும் சிலரே.

நம் நாட்டு நிலை யாது? ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்நாட்டு மக்கள் பெரிதும் கலந்தனர் என்றும், அதன்பின்னரே அகமணம் இறுகிற்றென்றும் 2013இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டுகிறது. வேலி பின்னால் வந்தது. வேலிக்குள் முளைத்த பயிர் ஒன்றையொன்று ஒத்திருப்பதைக் காட்டி, வேலியை மண்ணே ஈன்றதென்று சாதிப்பது என்ன நியாயம்? அவ்வேலிக்குள் நோயும் வளர்கிறது. தலசீமியாக் கூற்றைத் தாயும் தந்தையும் ஒருங்கே சுமந்தால்தான் பிள்ளைக்கு அக்கொடுநோய் முற்றாய் வரும். நெருங்கிய உறவுக்குள்ளேயே மணந்தால் அவ்விபத்து மிகும். அதைத் தீர்க்கவும் குருத்தணுவே வேண்டியிருக்கிறது! (மணத்திற்கு முன் இருவரும் தலசீமியாச் சோதனை செய்துகொள்வது நலம். ஜாதகம் பார்ப்பதினும் அது பயனுடையது.)

கலந்து பிறந்த பிள்ளைக்கு அயலாரிடம் பொருத்தம் கிட்டுதல் இன்று அரிதென்பது மெய்யே. ஆயின் உடன்பிறந்தார் பொருந்தும் வாய்ப்பு, கலப்பினால் அணுவளவும் குறைவதில்லை. நான்கில் ஒன்று அப்படியேதான். பாதிப் பொருத்தத்துடன் பெற்றோரே தரும் முறையும் இந்நாளில் நம் நாட்டிலும் நடைபெறுகிறது. யார் கொடுப்பார் என்றாரே, அவருக்கு இதைச் சொல்லுங்கள்: பஞ்சாபித் தந்தை கொடுப்பார், தமிழ்த் தாய் கொடுப்பாள்.

கேம்பல் பேயைச் சுற்றி 1969 முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்களைப் பல மாநிலங்களிலிருந்து கொணர்ந்து குடியமர்த்தினர். காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று ஊர்களுக்குப் பெயரிட்டார்களேயன்றிச் சேரியென்று ஒன்றுக்கும் பெயரிடவில்லை. அத்தகைய மண்ணிற் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பதிவேட்டில் இடம் குறைவாயின், அகலவேண்டியது பதிவேடு, குறுகவேண்டியது மணமன்று.

சென்னையில் 2009இல் தோன்றிய தாத்ரி என்னும் பதிவகம் 18 முதல் 50 வயதுடையோர் பெயரை ஏற்கிறது. பதிவதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தல் போதும். பொருத்தம் நேர்ந்தால் பெரும்பாலும் கைந்நரம்பு வழியே சில மணி நேரத்தில் குருத்தணுவைப் பிரித்தெடுப்பர். கொடுத்ததைச் சில வாரங்களில் உடல் மீண்டும் நிரப்பிக்கொள்ளும். சிவி மன்னன் கண்ணையே ஈந்த ஜாதகக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெருந்தானமுமன்று.

அன்பர் மணநாளைக் குறிக்கட்டும். பஞ்சசீலம் ஏற்றபின் பந்தியில் அமரும் இருவீட்டு இளைஞரிடமும் இச்செய்தியை எடுத்துக்கூறி, இசைவோர் பெயர்களைத் திரட்டித் தாத்ரிக்கு எழுதட்டும். அண்டை வீட்டாரையும் அழைக்க மறவாதிருக்க.