சுவரில் கொதித்த பானை

பொய் சொன்னால் மூக்கு நீளும் மரப்பொம்மையைத் தெரியாதவர்கள் குறைவு. பினோக்கியோ! ஆனால் நம்மில் பலருக்கும் பினோக்கியோ என்றால் 1940இல் வந்த டிஸ்னி படம்தான். நாவலை நான் வாசித்தது தலை நரைத்த பிறகு.

படத்தில் பாட்டுப் பாடி வழிகாட்டும் சுவர்க்கோழி, நாவலின் நாலாம் அத்தியாயத்திலேயே, புத்தி சொன்ன பாவத்துக்குச் சுத்தியலால் அடிபட்டுச் சாகிறது. மூக்கு நீளும் சமாச்சாரம்கூட எப்போதாவதுதான் வருகிறது. திரும்பத் திரும்ப வருவது பசி.

பொம்மையைச் செதுக்கிய ஜெப்பெட்டோவின் வீட்டில் அடுப்பு எரிகிறது, பானையில் ஆவி பறக்கிறது. பசியோடு பொம்மைப் பையன் மூடியைத் திறக்க ஓடுகிறான். அடுப்பும் பானையும் சுவரில் தீட்டிய படம்! சின்ன வயதில் வாசித்திருந்தால் சிரித்திருப்பேன். இப்போது, விறகுக்கு வழியில்லாத கிழவர் தம் அறைக்கு நெருப்பை வரைந்து வைத்துக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

தமது காலைச் சாப்பாடான மூன்று பேரிக்காய்களையும் அவனுக்கே கொடுத்துவிடுகிறார். தோல் சீவினால்தான் தின்பேன் என்று அடம்பிடித்தவன், பசி அடங்காமல் அந்தத் தோலையும் தின்கிறான். பிறகு அவனுக்குப் பாடப்புத்தகம் வாங்க, பனி கொட்டும் நாளில் தம் ஒட்டுப்போட்ட கோட்டை விற்றுவிட்டு, போட்டால் புழுக்கமாக இருந்தது என்று சமாளிக்கிறார். பொய்க்கு மூக்கு நீளும் கதையில் இந்தப் பொய்க்கு எதுவும் நீளவில்லை. பையன் புரிந்துகொண்டு தாவிக் கட்டிக்கொள்கிறான். அடுத்து, அதே புத்தகத்தை விற்றுப் பொம்மலாட்டம் பார்க்கப் போய்விடுகிறான்! பிள்ளை பெற்றவர்களுக்குச் சுருக்கென்று தைக்கும் இடம் இது.

எழுதியவர் கார்லோ லொரென்சினி. தாயாரின் ஊரான கொல்லோடியையே புனைபெயராக்கிக்கொண்டவர். தகப்பனார் ஃபிளாரன்ஸில் ஒரு பிரபு வீட்டுச் சமையல்காரர். 1881இல் ரோமிலிருந்து வந்த சிறுவர் பத்திரிகையில் இதைத் தொடராக எழுதினார். 15ஆம் அத்தியாயத்தில் பொம்மையை ஓக் மரத்தில் தூக்கிலிட்டுக் கதையை முடித்தும்விட்டார். வாசகச் சிறுவர்கள் விடவில்லை; மறுபடி எழுதவேண்டியதாயிற்று. 1883இல் நூலாக வந்தது. பின்பாதியில் ஒரு தேவதை அவனுக்குச் செய்யும் உபதேசம் கொஞ்சம் அதிகம்தான், எனக்கு அலுத்தது.

வீட்டில் குழந்தை இருந்தால், சுருக்கப் பதிப்பை விட்டு முழு நூலையே எடுத்து வாசித்துக் காட்டுங்கள். மொத்தம் 36 அத்தியாயங்கள், பெரும்பாலும் சின்னவை. தூக்குமரத்தைக் குழந்தைகள் தாங்கிக்கொள்வார்கள். பேரிக்காய் வரும்போது உங்கள் குரல் கம்மினால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருங்கள்.